திரையின் மூலையில் எங்கள் பெட்டி

தேர்தல் முடிவு நாளில் எங்கள் மாகாணத் தொலைக்காட்சிக்கும் தலைநகரத்தில் இருக்கும் தேசியத் தொலைக்காட்சிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. நாங்கள் படம் பிடிப்போம், அவர்கள் பேசுவார்கள். கேமரா எங்களுடையது, வண்டி எங்களுடையது, கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுகிற ஆளும் எங்கள் ஆள்தான். ஆனால் படம் பொதுவான ஒரு லைனில் போகும். அதை அவர்கள் நினைத்த நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் மணிக்கு ஒரு முறை, கொஞ்ச நேரம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எங்கள் ஆபீசில் ‘ஜன்னல்’ என்று பெயர். ஜன்னல் திறந்தால் எங்கள் ஊர்ச் செய்தி, எங்கள் ஊர் முகங்கள். சாத்திவிட்டால் எங்கள் சானலிலும் தலைநகரம்தான் ஓடும்.

இதற்குக் ‘கூட்டு ஒளிபரப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவன் ஒரே ஒரு நாள் கூட்டுக் குடும்பத்தில் சமைக்கிற மருமகளாக இருந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பான்.

நான் அந்த மாகாணத் தொலைக்காட்சியில் ஒப்பந்த நிருபர். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி. இதை நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. தெரு சொல்லும். யார் வீட்டுக்காவது மின்சார ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தால் உடனே சொல்லும்.

எங்கள் தெரு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் எங்களைக் குறிப்பிடுவதே அப்படித்தான், ‘பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க.’ எங்களுக்கு அவர்கள்தான் அந்தப் பக்கம் என்பது யாருக்கும் தோன்றியதில்லை. வாக்குப்பதிவுக்கு முந்தின சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது சவரக்கடை வாசலில் கூட்டமாக இருந்தது. தெருவில் பெரிய டிவி இருப்பது சவரக்கடை மாமாவிடம்தான். கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு உலகம் இடம் வலமாகத் தெரியும்.

“நாளைக்கு யாரும் போகப் போறதில்ல,” என்றார் மாமா, ஒருவருடைய பிடரியைச் சிரைத்துக்கொண்டே. “முடிவு பண்ணிட்டோம்.”

“ஏன் மாமா?”

“போன தடவை நம்ம பெட்டி ஆத்துல மிதந்துச்சு. இந்தத் தடவையும் அதுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கணுமா?”

“மிதந்ததை நீங்க பார்த்தீங்களா?”

“எண்ணினதை நீ பார்த்தியா?”

அதிகாரபூர்வமாக எண்ணினார்கள். இணையத்தில் வாக்கு எண்ணிக்கை இருக்கிறது. ஆனால் எண்ணுவதை எங்கள் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. கட்சிக்காரர்கள் எங்கள் சாவடிக்கு ஏஜெண்டுகூடப் போடுவதில்லை, சாப்பாட்டுச் செலவு வீண் என்று.

“இவகிட்டக் கேளுங்கய்யா. டிவியில இருக்கா,” என்றாள் சவுண்டு அத்தை. அவள் பேச ஆரம்பித்தால் பாலத்தின் மேல் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். “எங்க வீட்டுக்காரர் செத்தப்பகூட இவ ஆபீசுல ரெண்டு வரி போடல.”

“உங்க வீட்டுக்காரர் உயிரோடதானே அத்தை இருக்கார்?”

“குடிச்சிட்டுக் கெடக்கிறதைப் பார்த்தா அப்படித் தெரியலையே.”

கடை முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாசற்படியில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷன் அறையிலிருந்து வரும் பச்சைத் துணி, கட்டில் விரிப்பு எல்லாம் அவள் கையில்தான் வெளுக்கும்.

“நாள் பூரா நிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்,” என்றாள். “லீவு நாள்ல சும்மா வேற போய் நிக்கணுமா?”

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம்தான் எனக்கு எப்போதும் முதலில் வரும்.

“நான் காட்டறேன்,” என்றேன். “நம்ம பெட்டியைத் திறக்கிறதை டிவியில காட்டறேன். சீல் உடையாம இருக்கிறதைக் காட்டறேன், மேசையில கொட்டறதைக் காட்டறேன். எல்லாரும் இங்கேயே உட்கார்ந்து பாருங்க. போய் ஓட்டுப் போடுங்க.”

மாமா கத்தியைத் துடைத்தார். “லைவ்ல காட்டுவியா?”

“லைவ்ல.”

“வெட்டி ஒட்டி ராத்திரி நியூஸ்ல காட்டறது வேண்டாம். அதை யார் வேணா பண்ணலாம். பெட்டி திறக்கிற அதே நேரம் நாங்க இங்க பார்க்கணும்.”

“அதே நேரம் பார்ப்பீங்க.”

மறுநாள் தெரு போனது. அம்மாவும் போனாள். வெயிலில் வரிசையில் நின்று, திரும்பி வந்து, மை வைத்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “இந்தா பாரு. உன் பேச்சைக் கேட்டு வாங்கிட்டு வந்தது.”

அதற்கடுத்த நாள் வாக்கு எண்ணிக்கை, ஓர் உள்விளையாட்டு அரங்கத்தில். கூடைப்பந்துக் கோடுகளின் மேல் மேசைகள். வலைக் கூடைக்குக் கீழே பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எங்கள் சாவடிப் பெட்டிகள் இரண்டும் கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவை ஒட்டி இருந்தன. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் கொடுத்துவிட வேண்டும். எனவே எங்கள் ஸ்டேஷனோடு பேச எனக்கிருந்த ஒரே வழி காதில் மாட்டுகிற கருவிதான். வண்டியிலிருந்து உள்ளே வருகிற காது லைன் ஒன்றே ஒன்று. காலையில் அது என் காதில் இருந்தது.

அப்புறம் மாப்பிள்ளை வந்தார்.

தேசியத் தொலைக்காட்சியின் பெரிய நிருபர் அவர். நாடே அறிந்த முகம். எங்கள் ஆபீசில் மாப்பிள்ளை என்போம். அவர் வந்தால் நாற்காலி துடைக்கப்படும், மின்விசிறி அவர் பக்கம் திருப்பப்படும், குடித்த டம்ளரை எடுக்க இரண்டு பேர் ஓடுவார்கள். கேமரா கொண்டுவர மாட்டார், எங்கள் கேமராதான். அரங்கத்தின் மாடத்தில் அவருக்கு இடம் போட்டிருந்தார்கள். நேராக என்னிடம் வந்து, சிரித்துக்கொண்டே, தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

“இதை நான் எடுத்துக்கட்டுமாம்மா? தலைநகரத்தோட பேசணும்.”

“எனக்கும் எங்க ஸ்டேஷனோட பேசணும் சார்.”

“உனக்கு எப்ப ஜன்னல்?”

“மத்தியானம்.”

“அதுக்குள்ள குடுத்திடறேன்.”

கழற்றிக் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. மோதல் வந்தால் தேசியத்துக்கு முன்னுரிமை.

எங்கள் கேமராமேனைப் பார்த்தேன். ஆள் உயரம், கழுத்து இன்னும் உயரம். அவரை எல்லாரும் ஒட்டகம் என்பார்கள், அவரே போனை எடுத்து “ஒட்டகம் பேசறேன்” என்பார்.

“விடு,” என்றார். “காது இல்லேன்னா என்ன? பொட்டு இருக்கு.”

பொட்டு என்பது கேமராவின் நெற்றியில் இருக்கும் சின்னச் சிவப்பு லைட். படம் ஒளிபரப்பில் போகும்போது எரியும். எரிந்தால் பேசு, அணைந்தால் நிறுத்து. காது லைன் இல்லாத நாட்களில் நாங்கள் பொட்டைப் பார்த்தே வேலையை ஓட்டிப் பழகியவர்கள்.

மத்தியானத்துக்கு முன் வாசலுக்குப் போய், காவலரிடம் கெஞ்சி, போனை வாங்கி எங்கள் செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

“அடுத்த ஜன்னல் உனக்குத்தான்,” என்றார். “பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெட்டி, அதானே? எடுத்துக்கோ. பொட்டு எரிஞ்சதும் ஆரம்பிச்சிடு.”

“சார், உறுதியா?”

“நான் என்னம்மா, காகிதத்துல எழுதித் தரணுமா?”

நான் திரும்பி உள்ளே வந்தபோது மேசைகள் நின்றுவிட்டிருந்தன. எழுத்தர்கள் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். தேர்தல் அதிகாரி பாக்கெட் சீப்பால் தலை வாரிக்கொண்டே மாடத்தை அண்ணாந்து பார்த்தார்.

“சார், இப்ப வாசிக்கட்டுமா? இல்ல கொஞ்சம் பொறுக்கட்டுமா?”

மாப்பிள்ளை மேலிருந்து கையமர்த்தினார். தலைநகரத்தில் யாரோ விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தார்களாம்.

நான் அதிகாரியிடம் போனேன். “சார், இன்னும் பெட்டி இருக்கே.”

“எது?”

“அந்த ரெண்டும்.”

“ஓ, அதா. அதைச் சேர்த்தாலும் சேர்க்காட்டாலும் முடிவு மாறாதும்மா. வித்தியாசம் அவ்வளவு இருக்கு. முடிவைச் சொல்லிட்டு அப்புறம் எண்ணலாம், சட்டத்துல இடம் இருக்கு. படிச்ச பொண்ணு, கணக்குத் தெரியாதா?”

“கணக்குத் தெரியும் சார். மாறாதுன்னு நேத்தே சொல்லியிருந்தா அவங்க வெயில்ல நின்னிருக்க வேண்டாமே.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாடத்திலிருந்து கை இறங்கியது. பொட்டு எரிந்தது. அதிகாரி மேடையேறி நாடு முழுவதும் பார்க்கும்படி வாசித்தார். வாசித்ததும் ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள், ஒருவரையொருவர் தூக்கினார்கள், தூக்கியபடியே வெளியே போனார்கள். அவர்கள் பின்னால் தோற்றவர்கள் போனார்கள், பத்திரிகைக்காரர்கள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அரங்கத்தில் மீதியிருந்தது இரண்டு எழுத்தர்கள், ஒட்டகம், நான், மாடத்தில் காதைப் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, அப்புறம் எங்கள் இரண்டு பெட்டிகள்.

மாடத்தைப் பார்த்துக் காதைக் காட்டினேன். அவர் ஒரு விரலைத் தூக்கினார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அந்த ஒரு நிமிஷம் சாயங்காலம் வரை முடியவில்லை.

எழுத்தர்களில் வயதான பெண்மணி பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தாள். “சீக்கிரம் முடிச்சிட்டுப் போகலாம்மா. எனக்கு பஸ் இருக்கு.”

“அக்கா, கொஞ்சம் இருங்க. கேமராவுக்கு ஜன்னல் வரணும்.”

“அது வந்தாத்தான் திறக்கணுமா?”

“இத்தனை நேரம் அதிகாரி அவங்களுக்காகத்தானே காத்திருந்தார்? எங்களுக்காக நீங்க கொஞ்சம் காத்திருங்க.”

அவள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் காத்திருந்தாள். அதற்கு அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அன்றைக்கு முழுக்க எனக்காகக் காத்திருந்த ஒரே ஆள் அவள்தான்.

ஒட்டகம் கேமராவைத் தாழ்த்தி வைத்தார். சுவர்க் கடிகாரம் ஜன்னல் நேரத்தைத் தொட்டது. பொட்டு எரிந்தது.

நான் பேசினேன். எங்கள் சானலில் பேசுகிற இஸ்திரி போட்ட தமிழில் இல்லை. சவரக்கடை வாசலில் பேசுகிற தமிழில் பேசினேன். “பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சாவடிப் பெட்டி இது. சீலைப் பாருங்க, உடையல. அக்கா, கொஞ்சம் திருப்புங்க. பூட்டைப் பாருங்க. இப்பத்தான் வெட்டறாங்க. முடிவு சொல்லும்போது இதை எண்ணல. அது தப்புன்னு நான் நினைக்கிறேன். ஆனா பெட்டி எங்கேயும் போகல, ஆத்துல மிதக்கல. இந்தா கொட்டறாங்க. நீங்க மடிச்சுப் போட்டது மடிச்சபடி இருக்கு. வரிசையில நின்ன எல்லாரும் பாருங்க, இது உங்களுது.”

சீட்டுகள் மேசையில் சரிந்து பரவின. ஒரு சீட்டு மட்டும் எட்டாக மடித்திருந்தது, அவ்வளவு இறுக்கமாக. விரிப்பு மடிப்பதுபோல மூலைக்கு மூலை சேர்த்து. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் தெரியும்.

பொட்டு கடைசி வரை எரிந்தது. அணைந்ததும் ஒட்டகம் கட்டைவிரலைத் தூக்கினார். “பிரமாதம். என் அம்மா இருந்திருந்தா அழுதிருக்கும்.”

நான் எழுத்தரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் பயந்துபோய்க் கையை உருவிக்கொண்டாள். அந்தச் சில நிமிஷங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு எரிகிறது.

வாசலில் போனைக் கையில் வாங்கியபோது செய்தி ஆசிரியர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தது தெரிந்தது.

“எங்கம்மா போன? ஜன்னலைச் சாத்திட்டாங்க. தலைநகரத்துல வெற்றி ஊர்வலம் நல்லாப் போகுதாம், ஜன்னல் விடமாட்டேன்னுட்டாங்க. உனக்குச் சொல்ல வழியே இல்ல.”

“இல்லையே சார். பொட்டு எரிஞ்சுதே. பேசினேனே.”

அவர் குரல் இளகியது. கெட்ட செய்தியை நல்ல செய்தியாக விற்கும்போது மட்டும் அவருக்கு வருகிற குரல் அது.

“அது அவங்க எடுத்தது. பொட்டுக்கு யார் எடுக்கிறாங்கன்னு தெரியுமா? யார் எடுத்தாலும் எரியும். ஊர்வலம் பெருசா ஓடுச்சு, உன் படத்தை மூலையில கட்டம் கட்டிப் போட்டாங்க. ரொம்ப நேரம்மா! நம்ம லோகோவோட! மேலிடத்துல ஒரே சந்தோஷம். உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லிட்டாங்க.”

“என் குரல்?”

“குரல் எடுக்கல. ஊர்வலத்துச் சத்தம்தான் ஓடுச்சு.”

“மூலையில என்ன எழுதிப் போட்டாங்க?”

“அதை விடு.”

“என்ன சார் எழுதினாங்க?”

‘முடிவு அறிவிப்புக்குப் பின் காலி செய்யப்படும் பெட்டிகள்.’ அதுதான் எழுதியிருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. பெட்டி. காலி செய்தார்கள். முடிவுக்குப் பின்.

“திருத்தச் சொல்லுங்க சார்.”

“அவங்க எழுத்தை நாம திருத்த முடியாது. ஒப்பந்தத்துல இல்ல.”

“அப்ப அடுத்த ஜன்னல்ல என் குரலோட போடுங்க.”

“முடிவு வந்தப்புறம் பெட்டி யாருக்கும்மா வேணும்?”

மாப்பிள்ளை மாடத்திலிருந்து இறங்கி வந்தார். காது லைனைச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்தார், கடன் வாங்கிய குடையைத் திருப்பித் தருகிற மாதிரி. அவரிடமும் கேட்டேன். கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் இன்னும் எரிச்சல். எழுத்துப் போடுகிறவர்கள் தலைநகரத்தில் இருக்கிறார்கள், யாரென்று தனக்கே தெரியாது என்றார். விசாரிக்கிறேன் என்றார்.

“ஆனா நல்ல படம்மா. நீ நல்லா நின்னே.”

“நிக்கல சார். பேசினேன்.”

சிரித்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒட்டகம் வண்டியில் பதிவாகியிருந்ததை, குரலோடு, என் போனில் ஏற்றிக் கொடுத்தார். பொட்டை நம்பச் சொன்னது அவர்தான். அதனால் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பாலத்தில் நடந்து போனேன். சவரக்கடையில் டிவியை அணைத்திருந்தார்கள். தேர்தல் முடிவு நாளில் அந்த டிவி அணைந்திருந்து நான் பார்த்ததில்லை. மாமா தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். சவுண்டு அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், சத்தமில்லாமல்.

“மாமா, அங்க என்ன நடந்துச்சுன்னா...”

“பார்த்தோம்மா. லைவ்லதான் பார்த்தோம். சொன்ன மாதிரியே காட்டிட்ட.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “முடிவைச் சொன்னாங்க. ஆட்டம் போட்டாங்க. அப்புறம் மூலையில நம்ம பெட்டியைக் கவுத்துக் கொட்டினாங்க. பக்கத்துல நீ நின்னு வாயசைச்ச. கீழ எழுதியிருந்ததை நான்தான் எழுத்துக்கூட்டி எல்லாருக்கும் வாசிச்சேன்.”

“நான் பேசினேன் மாமா. குரலை வெட்டிட்டாங்க. இதோ இருக்கு, கேளுங்க.”

போனைச் சுற்றிக் கூடினார்கள். சின்னத் திரையில் நான் பேசினேன், சீல் திரும்பியது, பூட்டு வெட்டுப்பட்டது, சீட்டுகள் சரிந்தன. ஆத்துல மிதக்கல என்று நான் சொல்கிற இடத்தில் யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். முடிந்ததும் மாமா போனை என்னிடம் நீட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. எப்ப ரெக்கார்ட் பண்ணினே?”

“அப்பவே! அதே நேரம்!”

“அதே நேரம்னா அதே நேரம் வந்திருக்கணுமே.”

“வந்துச்சு, ஆனா குரல்...”

“குரலை அப்புறமாச் சேர்க்கலாம்னு நீதானே ஒரு தடவை சொன்ன? இங்க டிவியில ஒரு நடிகர் பேச்சைப் பார்த்துக்கிட்டிருந்தப்ப.”

சொல்லியிருக்கிறேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்தவளாக, இந்தக் கடையிலேயே சொல்லியிருக்கிறேன்.

சவுண்டு அத்தை எழுந்து என் கன்னத்தைத் தொட்டாள். “நீ என்ன கண்ணு பண்ணுவ? உனக்கும் வயிறு இருக்கு. நாங்க தப்பா நினைக்கல.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்குப் போனேன். அம்மா தொட்டியடியில் குனிந்திருந்தாள். சலவைக்கூடத்துக் காரத்தின் வாடை வாசல் வரை அடித்தது. பெரிய கறைக்கு மட்டும் போடுகிற காரம் அது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அவள் கையுறை இல்லாமல், துணி தேய்க்கிற பிரஷ்ஷால் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மை போகவில்லை, தோல்தான் சிவந்திருந்தது.

“அம்மா, என்ன பண்றே? வெந்துடும்.”

“நாளைக்கு ஆபரேஷன் துணி. கறை ஒட்டிக்கும்.”

“இந்த மை ஒட்டாது. காஞ்சு போச்சு.”

“எதுக்கும் இருக்கட்டும்.”

“நீ எட்டா மடிச்சியா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நம்பலாமோ என்பதுபோல கண்ணில் ஏதோ வந்தது. அந்தச் சீட்டைக் காட்ட நான் போனை எடுக்கப் போனேன். அதற்குள் அது போய்விட்டது.

“எல்லாரும்தான் மடிப்பாங்க,” என்றாள். திரும்பவும் குனிந்தாள். “உள்ள சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். போய்ச் சாப்பிடு. வேலை விஷயம் சொன்னாங்களா?”

“நீட்டிச்சிருக்காங்க.”

“நல்லது,” என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.